பத்து நிமிட வித்தியாசம்

சென்னையில் மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது அத்திபெலேயில் சூரியன் மறைந்திருக்காது. அதற்கு இன்னும் பத்து நிமிடம் ஆகும். வருடத்தின் பதினொரு மாதங்களில் இதைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை. ரமலான் பிறந்ததும் இந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயமாகிவிடுகிறது. சென்னைத் தொலைக்காட்சியில் வரும் பாங்கைக் கேட்டு அத்திபெலேயில் ஒருவர் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால், சூரியன் வானத்தில் இருக்கும்போதே நோன்பு திறந்தவர் ஆகிறார். விடியலுக்கு முன்பிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் காத்த நோன்பு கடைசிப் பத்து நிமிடத்தில் வீணாகிறது.

அத்திபெலே கர்நாடகத்தின் தென்கிழக்கு வாசல். பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த ஊர். தேசிய நெடுஞ்சாலையில் சில கிலோமீட்டர் போனால் தமிழ்நாட்டின் ஜூஜூவாடியும் ஓசூரும் வந்துவிடும். இரு பக்கமும் தொழிற்பேட்டைகள். தெருவில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதுவும் சம உரிமையோடு புழங்குகின்றன. முஸ்லிம்களிலும் பல வகை உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தக்கனி உருது பேசுபவர்கள், வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், பேக்கரியும் டீக்கடையும் நடத்தும் மலையாளிகள் எல்லோரையும் இந்த வட்டாரத்தில் பார்க்கலாம். ஊருக்குப் போய்த் திரும்புபவர்கள் சொந்த ஊர் காலண்டரையும் கொண்டுவந்து சுவரில் மாட்டுகிறார்கள். சென்னை, வாணியம்பாடி, கீழக்கரை என்று எந்த ஊரில் அச்சானாலும், அந்தந்த ஊருக்கு அந்தத் தொழுகை அட்டவணை சரியானதுதான். அது அத்திபெலேக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

பதில் சாதாரணக் கணக்கில் இருக்கிறது. பூமி ஒரு முறை சுழல 24 மணி நேரம். 360 டிகிரியை அதற்குப் பங்கிட்டால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் வருகிறது. சென்னையின் தீர்க்கரேகை கிழக்கே 80.27 டிகிரி, அத்திபெலேயுடையது 77.77. இடையே இரண்டரை டிகிரி, அதாவது 10 நிமிடம். இந்த அட்சரேகையில் கிழக்கே 27 கிலோமீட்டர் போனால் சூரியன் ஒரு நிமிடம் முந்துகிறான். அத்திபெலேக்கும் ஓசூருக்கும் உள்ள வித்தியாசம் கால் நிமிடம். கிருஷ்ணகிரிக்கு ஒன்றே முக்கால் நிமிடம். வாணியம்பாடிக்கு மூன்றரை நிமிடம். மேற்கே மங்களூரில் சூரியன் மறைய இன்னும் 12 நிமிடம் பிடிக்கும். மாநில எல்லை நடுவில் இருப்பதால் சூரியன் ஒரு விநாடிகூட முன்பின் ஆவதில்லை.

இஸ்லாம் விதித்த ஐந்து வேளைத் தொழுகைக்கும் நேரம் குறிப்பது சூரியன்தான். கீழ்வானத்தில் வெளுப்புப் பரவியதும் சுபுஹு தொடங்கி, சூரியன் உதிக்கும்போது முடிகிறது. சூரியன் உச்சியைக் கடந்து சாய ஆரம்பித்ததும் லுஹர். நிழல் ஒரு குறிப்பிட்ட நீளத்தை எட்டியதும் அஸர். சூரியன் மறைந்ததும் மஃரிப். மேல்வானத்தின் அந்தி வெளிச்சம் அடங்கியதும் இஷா. கைக்கடிகாரம் இல்லாத காலத்தில், படிப்பறிவு இல்லாத ஆட்டிடையனும் பாலைவனத்தில் நின்று கண்ணால் கண்டு சொல்லக்கூடிய அடையாளங்கள் இவை. இதே அடையாளங்களை மணியாகவும் நிமிடமாகவும் மாற்றும் வேலையை வானியல் செய்கிறது.

லுஹர்தான் இருப்பதிலேயே எளிது. சூரியன் தன் பாதையின் உச்சியில் இருக்கும் கணத்தைக் கண்டுபிடித்தால் போதும். அது சரியாகப் பகல் 12 மணி என்று நினைப்பவர்கள் உண்டு. அத்திபெலேயில் ஒரு நாளும் அப்படி நடப்பதில்லை. இந்திய நேரம் கிழக்கே 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து அமைந்தது. அத்திபெலே அதற்கு மேற்கே இருப்பதால் சராசரியாக 19 நிமிடம் தாமதம். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஒரே சீராக இல்லாததாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் இன்னொரு கூட்டல் கழித்தல் சேருகிறது. நவம்பர் முதல் வாரத்தில் அத்திபெலேயின் உச்சிப்பொழுது 12.02க்கே வந்துவிடுகிறது. பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் 12.33 வரை தள்ளிப்போகிறது. அரை மணி நேர ஊசலாட்டம்! வருடம் முழுவதும் 12.30க்கு லுஹர் பாங்கு என்று ஒரே நேரத்தை எழுதி வைத்தால், பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருமுன்பே பாங்கு சொல்ல நேரும். சூரியன் உச்சியில் நிற்கும் கணம் தொழக் கூடாத நேரங்களில் ஒன்று என்பதால் இது சின்ன விஷயம் அல்ல.

1906 ஜனவரி 1ஆம் தேதி இந்திய நேரம் நடைமுறைக்கு வரும்வரை இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. அதுவரை ஊருக்கு ஊர் தனி நேரம். பகல் 12 மணி என்றால் அந்த ஊரின் உச்சிவேளைதான். சென்னை வான் ஆய்வகம் கணித்த ‘மெட்ராஸ் நேரம்’ ரயில்களுக்கும் பயன்பட்டது. தேசத்துக்கு ஒரே கடிகாரம் வந்தபோது ரயிலுக்கும் தந்திக்கும் வசதி கூடியது. சூரியனை நம்பிய காரியங்களுக்கு மட்டும் ஊர்வாரித் திருத்தம் தேவைப்பட்டது. சூரிய உதயம் ஆறு மணி என்று வைத்துக்கொண்டு காலண்டரில் அச்சிடும் ராகு காலத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

அஸருக்கு வருவோம். வானியலும் மார்க்கச் சட்டமும் மிக அழகாகக் கைகோக்கும் இடம் இது. ஒரு குச்சியைச் செங்குத்தாக நட வேண்டும். உச்சிப்பொழுதில் அதற்கு இருக்கும் நிழலைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் குச்சியின் உயரத்துக்குச் சமமாக நிழல் வளர்ந்ததும் அஸர் தொடங்குகிறது என்பது ஷாபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் முடிவு. நிழல் குச்சியைப்போல் இரண்டு மடங்கு வளர வேண்டும் என்பது ஹனபி மத்ஹபில் இமாம் அபூஹனீபாவின் கருத்தாக நிலைத்தது.

இந்த இரண்டுக்கும் அத்திபெலேயில் எவ்வளவு இடைவெளி? டிசம்பர் 21ஆம் தேதி ஷாபி கணக்கில் அஸர் 3.33க்கு, ஹனபி கணக்கில் 4.22க்கு. முக்கால் மணிக்குச் சற்று அதிகம். ஏப்ரல் 24ஆம் தேதி 3.22, 4.38. ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல்! சூரியன் ஒன்று, குச்சி ஒன்று, கணக்கும் ஒன்று. எந்த நிழலை எல்லையாக வைப்பது என்பதில்தான் வித்தியாசம்.

ஏப்ரல் 24ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. அத்திபெலே இருப்பது வடக்கு அட்சரேகை 12.78 டிகிரியில். சூரியன் அதே அளவு வடக்கே வரும் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் உச்சிவேளையில் குச்சிக்கு நிழலே இருக்காது. நிழலில்லா நாள் என்று இப்போது பள்ளிப் பிள்ளைகளும் கொண்டாடும் நாட்கள் இவை. உச்சி நிழல் பூஜ்யம் என்பதால் அஸர் கணக்கு அன்று மிக எளிது. நிழல் குச்சியின் உயரத்தைத் தொட்டால் ஷாபி அஸர். அதில் இரு மடங்கானால் ஹனபி அஸர்.

தமிழர்களுக்கு நிழலை அளப்பது புதிதல்ல. முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையில் நீர்க் கடிகாரம் பார்த்து நேரம் சொல்பவர்கள் வருகிறார்கள். கிராமத்து உழவருக்கு அந்தக் கருவிகூடத் தேவைப்படவில்லை. 16 விரற்கடை நீளத்தில் ஒரு துரும்பைக் கிள்ளி, ஒரு பகுதி நிற்கவும் மறு பகுதி தரையில் கிடக்கவும் மடிப்பார்கள். நிற்கும் பகுதியின் நிழல் கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொட வேண்டும். அப்போது நிற்கும் பகுதி எத்தனை விரற்கடையோ அத்தனை நாழிகை. முற்பகலானால் விடிந்து சென்ற நாழிகை; பிற்பகலானால் பொழுது சாய மீதமுள்ள நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். உயரமும் நிழலும் சமமானால் எட்டுக்கு எட்டு. பொழுது சாய எட்டு நாழிகை, அதாவது 3 மணி 12 நிமிடம் இருக்கிறது என்று பொருள். ஏப்ரல் 24 அன்று அத்திபெலேயில் ஷாபி அஸர் 3.22. சூரியன் மறைவது 6.32. இடைவெளி 3 மணி 10 நிமிடம். உழவரின் துரும்பும் கம்ப்யூட்டரும் இரண்டே நிமிடத்தில் வேறுபடுகின்றன.

தமிழ் முஸ்லிம்களிடையே இரண்டு மத்ஹபுகளும் வேரூன்றியவை. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் அரபு வணிகத் தொடர்பால் ஷாபி மத்ஹபு. உள்நாட்டு ராவுத்தர்களிடமும் உருது பேசும் தக்கனி முஸ்லிம்களிடமும் ஹனபி மத்ஹபு. கேரளத்து முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிகள். இவர்கள் எல்லோரும் ஒரே தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும்போது நிழல் கணக்கு அன்றாடப் பிரச்சினையாகிறது. பிற்பகல் ஷிப்டில் மூன்றே முக்கால் மணிக்குத் தேநீர் இடைவேளை கிடைத்தால் ஷாபி தொழிலாளி அஸரைத் தொழுதுவிடலாம். பக்கத்து மெஷினில் நிற்கும் ஹனபி தொழிலாளிக்கு நேரம் வந்திருக்காது. அடுத்த இடைவேளைக்குள் பொழுது போய்விடலாம். இமாம் அபூஹனீபாவின் தலைமாணவர்களான அபூயூசுபும் முஹம்மதும் ஒரு மடங்கு நிழலே போதும் என்று கருதியவர்கள். நெருக்கடியில் அந்த வழி திறந்திருப்பதை ஆலிம்கள் எடுத்துச் சொன்னால் தொழிலாளிக்கு நிம்மதி. அட்டவணையில் ஒரே ஓர் அஸர் நேரத்தைப் போட்டுவிட்டு, அது எந்த மத்ஹபுக்கு என்று எழுதாமல் விட்டால் இருவருக்கும் சங்கடம்.

மஃரிபில் மத்ஹபு வித்தியாசம் இல்லை. சூரியன் மறைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மறைவது என்றால் என்ன? சூரிய வட்டத்தின் மேல் விளிம்பும் அடிவானத்தின் கீழே போக வேண்டும். அடிவானத்தை ஒட்டி வரும் ஒளியைப் பூமியின் காற்று மண்டலம் வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. வட்டம் அடிவானத்தில் உட்கார்ந்திருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும்போது, உண்மையில் சூரியன் ஏற்கெனவே கீழே போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்து, சூரிய மையம் அடிவானத்துக்கு 50 கலை, அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஐந்து பங்கு, கீழே இருக்கும் கணத்தையே மறைவு நேரமாக எல்லா நாட்டு வானியலாரும் கணக்கிடுகிறார்கள். இதைச் சேர்க்காமல் வெறும் வடிவக் கணக்குப் போட்டால் அத்திபெலேயில் மூன்றரை நிமிடம் முன்னதாகவே நோன்பு திறக்க நேரும்.

உயரமும் கணக்கில் வரும். துபாயின் புர்ஜ் கலீபா கோபுரத்தில் மேல்மாடிகளில் வசிப்பவர்களுக்குத் தரையில் மறைந்த சூரியன் இன்னும் தெரியும். 2011 ரமலானில் துபாயின் மார்க்க அறிஞர்கள் இதற்கு ஒரு தீர்ப்பே தந்தார்கள். 80வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 2 நிமிடமும், 150வது மாடிக்கு மேல் இருப்பவர்கள் 3 நிமிடமும் காத்திருந்து நோன்பு திறக்க வேண்டும். அத்திபெலே கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருந்தாலும் இந்தத் திருத்தம் தேவையில்லை. சுற்றியுள்ள நிலமும் அதே உயரத்தில் பரந்து கிடப்பதால் அடிவானமும் கூடவே உயர்ந்து நிற்கிறது.

உண்மையான சிக்கல் வைகறையில் இருக்கிறது. சூரியன் அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கும்போது முதல் வெளுப்பு தெரிகிறது? அதற்கு முன்னால் ஒரு பொய் வைகறையும் உண்டு. சூரியனைச் சுற்றிப் பரவிக் கிடக்கும் தூசியில் ஒளி பட்டு, கிழக்கில் கூம்பு போல் செங்குத்தாக எழும் மங்கிய வெளிச்சம் அது. அது நோன்பாளியைக் கட்டுப்படுத்தாது. அடிவானத்தின் நீளத்துக்குப் பரவும் மெய் வைகறை வந்ததும் சஹர் உணவை நிறுத்த வேண்டும். இரண்டையும் கண்ணால் பிரித்தறிய இருண்ட வானம் வேண்டும். நெடுஞ்சாலை விளக்குகளும் தொழிற்சாலை விளக்குகளும் விடிய விடிய எரியும் அத்திபெலேயில் அதற்கு வழியே இல்லை. இங்கே கணக்கை விட்டால் வேறு கதியில்லை.

அந்தக் கணக்கின் அடிப்படை எண் 18. சூரியன் 18 டிகிரி கீழே இருக்கும்போது வைகறை தொடங்குகிறது, அந்தி முடிகிறது என்று இஸ்லாமிய வானியலார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணித்தார்கள். 19 என்று வைத்தவர்களும் உண்டு. இன்றைய வானியலும் 18 டிகிரியைத்தான் இரவின் எல்லையாகக் கொள்கிறது. அத்திபெலே வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரிவரை சென்று கிழக்கே திரும்பினால் வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கே 1986ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மங்கலான விண்மீன்களை ஆராய அங்கே விஞ்ஞானிகள் காத்திருக்கும் முழு இருளும், மலையடிவாரப் பள்ளிவாசல்கள் இஷாவுக்குக் காத்திருக்கும் நேரமும் ஒன்றுதான். இருவரும் சூரியன் 18 டிகிரி இறங்குவதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

எல்லோரும் 18ஐ ஏற்கவில்லை என்பதுதான் தகராறு. கராச்சிப் பல்கலைக்கழக முறையில் வைகறைக்கும் இஷாவுக்கும் 18 டிகிரி. உலக முஸ்லிம் லீக் வைகறைக்கு 18, இஷாவுக்கு 17 என்கிறது. எகிப்து 19.5, 17.5 என்று வைத்தது. வட அமெரிக்க இஸ்லாமிய சங்கம் இரண்டுக்கும் 15 போதும் என்றது. மக்காவின் உம்முல் குரா முறையில் இஷாவுக்கு டிகிரியே கிடையாது. மஃரிபுக்குப் பின் 90 நிமிடம், ரமலானில் 120 நிமிடம். அந்தியின் சிவப்பு மறைந்தால் போதும் என்பவர்களுக்கும், அதற்குப் பின் வரும் வெண்மையும் மறைய வேண்டும் என்ற அபூஹனீபாவுக்கும் இடையே உள்ள கருத்து வேறுபாடும் இதில் சேர்ந்துகொள்கிறது.

இது வெறும் ஏட்டு விவாதம் அல்ல. மலேசியாவில் நெடுங்காலம் சுபுஹுக்கு 20 டிகிரி என்று வைத்திருந்தார்கள். வானத்தின் வெளிச்சத்தைக் கருவிகளால் அளந்து பார்த்த பிறகு 2019இல் அதை 18 டிகிரியாக மாற்றினார்கள். சுபுஹு ஏறக்குறைய 8 நிமிடம் பின்னால் போனது. மலேசியத் தமிழ் முஸ்லிம்களுக்கும் அதோடு சேர்ந்து காலை மாறியது. பழைய அட்டவணைப்படி பாங்கு சொன்ன உடனே தொழுதவர்கள், புதிய கணக்கின்படி நேரத்துக்கு முன்பே தொழுதவர்கள் ஆனார்கள். அன்று இருந்த அறிவைக் கொண்டு நல்லெண்ணத்தோடு செய்த தொழுகை செல்லும் என்று மார்க்க அறிஞர்கள் ஆறுதல் சொல்ல வேண்டியிருந்தது.

கையடக்கத் தொலைபேசி வந்த பிறகு இந்த டிகிரித் தகராறு சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. தொழுகை நேரம் சொல்லும் செயலிகள் ஊரைத் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்கின்றன. சென்னைக்கும் அத்திபெலேக்கும் உள்ள பத்து நிமிடத்தை அவை தவற விடுவதில்லை. எந்த முறை, எந்த மத்ஹபு என்பதை மட்டும் மனிதன்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வட அமெரிக்க முறை தெரியாத்தனமாக அமைந்திருந்தால் அத்திபெலேயில் வைகறை 12 நிமிடம் தாமதமாகக் காட்டும். 18 டிகிரியை நம்பும் ஒருவர் அந்த 12 நிமிடமும் சஹர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். செயலி தப்புச் செய்யவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொன்னது.

கர்நாடகத்தில் இந்தக் கணக்கின் முக்கியத்துவம் இன்னும் கூடியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2022 மே மாதம் கர்நாடக அரசு இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னபோது, சுபுஹு பாங்கை ஒலிபெருக்கி இல்லாமலே சொல்வது என்று மாநிலத்தின் முஸ்லிம் மார்க்கத் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். அத்திபெலேயில் வைகறை வருடம் முழுவதும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடையில்தான் வருகிறது. ஆறு மணிக்குப் பிறகு வருவதே இல்லை. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவரைத் தவிர மற்றவர்களுக்கு மோதினாரின் குரல் அப்போது எட்டாது. சுவரில் தொங்கும் அட்டவணையும் கையிலிருக்கும் தொலைபேசியும்தான் அவர்களுக்கு வைகறை. தவறு இருந்தால் திருத்திச் சொல்லப் பக்கத்தில் ஒரு குரல் இல்லை.

நேரக் கணக்கை மோதினாரின் தலையில் மட்டும் சுமத்தக் கூடாது என்பதை இஸ்லாமிய உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகருக்குத் தொழுகை அட்டவணை வகுத்தவர், அல்ஜிப்ரா நூலுக்குப் பேர்போன அல்குவாரிஸ்மி. 11ஆம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நிழல்களைப் பற்றியே தனியாக ஒரு பெரிய நூல் இயற்றினார். தொழுகை நேரங்களும் 12 அங்குலச் சங்கு நட்டு நிழல் அளக்கும் இந்திய முறையும் அதில் வருகின்றன. ரோமானிய மாதங்களின் பெயர் பொறித்த கருவியைத் தொட மறுத்த ஒரு பக்திமானிடம், ரோமானியர் சாப்பிடவும் கடைத்தெருவில் நடக்கவும் செய்கிறார்களே, அவற்றையும் விட்டுவிடலாமே என்று அவர் கேட்டதாக ஒரு செய்தி வழங்குகிறது.

13ஆம் நூற்றாண்டு எகிப்தில் முவக்கித் என்ற பதவி உருவானது. பள்ளிவாசலில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வானியலாளர் அவர். நேரம் கணித்துக் கொடுப்பது அவர் வேலை. டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் 14ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவியில் இருந்த இப்னு அல்ஷாத்திர், 1371ஆம் ஆண்டு அதன் மினாராவில் ஒரு பெரிய சூரியக் கடிகாரத்தை அமைத்தார். கோள்களின் இயக்கத்துக்கு அவர் வகுத்த மாதிரிகள் பின்னாளில் கோபர்நிக்கஸ் பயன்படுத்தியவற்றை ஒத்திருப்பது இன்றும் வரலாற்றாசிரியர்களை வியக்க வைக்கிறது.

கணக்கு எங்கே கைவிரிக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 48.5 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே கோடையில் சில நாட்கள் சூரியன் 18 டிகிரி இறங்குவதே இல்லை. அந்தி முடியாமலே வைகறை ஆரம்பித்துவிடும். காரைக்காலிலிருந்து போய்ப் பாரிஸில் குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் ஜூன் மாதத்தின் நடுப்பகுதியிலிருந்து இரண்டு வாரங்களுக்கு மேல் இதைச் சந்திக்கிறார்கள். லண்டனில் இது ஏறக்குறைய இரண்டு மாதம் நீடிக்கிறது. இரவை ஏழாகப் பங்கிடுவது, பாதி இரவை எல்லையாக வைப்பது, அந்தி முடியும் பக்கத்து ஊரின் நேரத்தை எடுத்துக்கொள்வது என்று அங்கே பல வழிகள் உண்டு. 2007 அக்டோபரில் மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸாபர் ரமலான் மாதத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனார். நாளொன்றுக்கு 16 முறை உதயம் பார்க்கும் இடத்தில் எதைக் காலை என்பது? புறப்பட்ட ஊரான பைகனூரின் நேரப்படி தொழலாம் என்று மலேசிய மார்க்க அறிஞர்கள் வழிகாட்டினார்கள். வானியல் தயங்கிய இடத்தில் மனிதர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு முரணையும் சொல்லியாக வேண்டும். தினம் ஐந்து வேளைக்கும் கணக்கை நம்பும் சமுதாயத்தில் பெரும்பாலோர் பிறைக்கு மட்டும் கண்ணால் காண வேண்டும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசு தலைமை காஜி அறிவிக்கிறார். கர்நாடகத்தில் பிறைக் கமிட்டி அறிவிக்கிறது. மங்களூர்ப் பக்கத்துக் கடற்கரை மாவட்டங்கள் கேரளத்தைப் பின்பற்றுவது வழக்கம். பிறைக்கும் கணக்கே போதும் என்று வாதிடுபவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. சூரியன் நிலை வேறு, பிறை தெரிவது வேறு என்பது மற்றவர்கள் பதில். பிறை கண்ணுக்குத் தெரிவது மேகம், ஈரப்பதம், பார்ப்பவரின் கூர்மை ஆகியவற்றையும் பொறுத்தது என்பது உண்மைதான். அந்த வழக்கு இன்னும் நெடுநாள் நடக்கும். தொழுகை நேரத்தில் அப்படி ஒரு வழக்குக்கு இடமில்லை. சூரியன் எங்கே இருக்கும் என்பதை விநாடி சுத்தமாகச் சொல்ல முடியும். கொல்கத்தாவிலுள்ள அரசு வானியல் மையம் வெளியிடும் ராஷ்டிரிய பஞ்சாங்கம் உதயமும் அஸ்தமனமும் கணிக்கும் அதே விதிகள்தான் இதற்கும்.

ஆகவே தொழுகை அட்டவணை அச்சிடும் ஜமாஅத்துகளும் காலண்டர் வியாபாரிகளும் அடியில் நாலு விவரம் சேர்த்தால் பாதிக் குழப்பம் தீரும். முதலாவது, அது எந்த ஊருக்கான கணக்கு, கிழக்கு மேற்கில் எத்தனை கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் கூட்டிக் குறைக்க வேண்டும் என்பது. இரண்டாவது, வைகறைக்கும் இஷாவுக்கும் எத்தனை டிகிரி என்பது. மூன்றாவது, அஸர் எந்த மத்ஹபுப்படி என்பது. இடமிருந்தால் இரண்டையும் போடலாம். நான்காவது, எச்சரிக்கைக்காகச் சேர்த்த நிமிடங்கள் எத்தனை என்பது. மஃரிபில் ஏற்கெனவே 3 நிமிடம் சேர்த்திருப்பது தெரியாமல் வீட்டில் இன்னும் 5 நிமிடம் சேர்த்து, தாகத்தோடு காத்திருப்பவர்கள் உண்டு. சூரியன் வருடாவருடம் அதே தேதியில் ஏறக்குறைய அதே இடத்துக்கு வருவதால், ஒரு முறை சரியாகத் தயாரித்த அட்டவணை பல வருடங்களுக்கு உழைக்கும். ரமலான் வருடத்துக்கு 11 நாள் முன்னே நகர்ந்தாலும் அட்டவணை மாறப்போவதில்லை. பார்க்க வேண்டிய பக்கம்தான் மாறும்.

அட்டவணை சரியா என்ற சந்தேகம் வந்தால் தீர்த்துக்கொள்ளக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். வெயில் விழும் முற்றமும் நேரான ஒரு குச்சியும் போதும். ஏப்ரல் 24ஆம் தேதி பகல் 12.17க்கு அத்திபெலேயில் அந்தக் குச்சியை நட்டுப் பார்த்தால் நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடக்கும். அதிலிருந்து 3 மணி 5 நிமிடத்தில் அது குச்சியின் நீளத்துக்கு வளர்ந்து நிற்கும். ஜூஜூவாடியிலும் அப்படித்தான்.